முதலில் டயர், அப்புறம் கேரியர்

தினமும் ஓட்டும் சைக்கிளுக்குக் காசு செலவழிப்பதென்றால் டயரில் ஆரம்பியுங்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 32-622 என்பதுபோல் எண் இருக்கும். முதலாவது அகலம், அடுத்தது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். விட்டம் மாறவே கூடாது. ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் இடமிருந்தால் அகலத்தைக் கூட்டலாம். மட்கார்டு டயரைவிட 10 மி.மீ.யாவது அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சேறு முதுகில்தான்.

கேரியரில் தகராறு செய்வது போல்ட். பெரும்பாலும் எம்5, அதாவது 5 மி.மீ. தடிமன். வலப்பக்கம் நீளமான போல்ட்டைப் போட்டால் முனை உள்ளே நீட்டிக்கொண்டு, மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வரும்போது செயினில் உரசும். பின்சக்கரத்தைத் தூக்கி, கடைசி கியர்வரை மாற்றிப் பாருங்கள். அதிர்வில் போல்ட் கழலும். மரை கழலாமல் பிடிக்கும் பசையான திரெட்லாக் ஒரு சொட்டு போதும். சுமையோடு ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி முறுக்குங்கள். பெல் எதுவானாலும் சரி.