மரக்கட்டை அச்சில் தாய்ஹு பாறை: இதுவரை வந்தது

பூ, பறவை என்று செதுக்கிக்கொண்டிருந்த கை இப்போது ஒரு பாறையில் வந்து நிற்கிறது. சீனாவில் சுஜோ நகருக்குப் பக்கத்திலுள்ள தாய்ஹு ஏரியின் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து உடம்பெல்லாம் ஓட்டை. மெலிந்து நிற்க வேண்டும், மேலே சுருக்கம் ஓட வேண்டும், உள்ளே குடைவுகள் வேண்டும், இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும்: நல்ல கல்லுக்கு அங்கே சொல்லும் இலக்கணம் இதுதான். சோங் அரசமரபுக் காலத்து ஓவியர் மி ஃபூ, உத்தியோக உடுப்போடு போய் ஒரு கல்லை வணங்கி ‘அண்ணா’ என்று கூப்பிட்டதாகக் கதை உண்டு. ஆள் கொஞ்சம் கிறுக்குதான், எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் பார்த்துச் செய்வது, 1633-இல் நான்ஜிங்கில் ஹூ ஜெங்யான் வெளியிட்ட ‘பத்து மூங்கில் மண்டபத் தொகுப்பு’ என்ற வண்ண அச்சுப் படநூலை. அதில் கற்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நிறத்துக்கு ஒரு கட்டை, நீர் மை. கட்டையின் மேலேயே மையை ஓரத்தில் துடைத்து வெளிற வைப்பதால், அச்சு என்றே தெரியாமல் தூரிகை ஓடியது போலிருக்கும். அவர்களிடம் பேரி மரம், என்னிடம் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. தேய்க்க, துணியில் சுற்றிய தேங்காய் நார்.

கோட்டுக் கட்டை முடிந்துவிட்டது. அதில் நேரம் போனதெல்லாம் துளைகளில்தான். வரைபவருக்குத் துளை என்பது தொடாமல் விடும் இடம். செதுக்கும்போது உளி அதிகம் உழைப்பதே அங்கேதான். பாறையைப் பூமியின் எலும்பு என்பார்கள் சீனர்கள். அதன் உள்ளே ‘சி’ எனும் உயிர்மூச்சு ஓடுவதாகவும் நம்பிக்கை. அப்படியென்றால் அந்த வெற்றிடத்துக்குத் திடப்பகுதியை விட மதிப்பு குறைவில்லை. துளைகளை ஒரே அளவில் வட்டமாக வெட்டினால் இடியாப்ப அச்சாகிவிடும். அதனால் ஒன்றைக் கிழிசலாக, ஒன்றை நீளமாக, ஒன்றைப் பாதி மூடியதாக விட்டேன். சுருக்கக் கோடு இரண்டு பக்கமும் வெட்டினால்தான் எழுந்து நிற்கும். அங்கே பொறுமை போய்விடுகிறது.

இப்போது சாம்பல் நிறக் கட்டை. மை அதிகம் தண்ணீரானால் பலகை ஊதிக்கொள்கிறது, எனவே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்த பிறகே அச்சடிக்கிறேன். அப்புறம் மூங்கிலுக்குத் தனிக் கட்டை. வளைந்து கொடுக்கும் மூங்கிலையும் அசையாத கல்லையும் சேர்த்து வரைவது ஜெங் பான்சியாவ் போன்ற சீன ஓவியர்களுக்குக் கைவந்த வழக்கம்.

கல் நீண்ட ஆயுளுக்கும் அடையாளம், பிறந்தநாள் படங்களில் அடிக்கடி வரும். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் பிரதியைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.