வெளிர் நீலச் சட்டை

2025 மார்ச் 3

இன்று காலை அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். எதை எதையோ பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "சின்ன வயதில் சித்தப்பாவோடு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனோமே, அந்தச் செய்தி வாசிப்பாளர் குனிந்து என் பெயரைக் கேட்டார், நினைவிருக்கிறதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குனிந்தது என்னிடம்; பெயர் கேட்டதும் என்னிடம்தான். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "நீ வாயே திறக்கவில்லையேடா" என்றாள்.

அவளுடைய பேச்சு என் நினைவோடு கலந்துவிடுவதற்கு முன்னால், எனக்குத் தெரிந்தவரை முழுவதையும் எழுதிவைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நாளை எழுதுகிறேன்.

2025 மார்ச் 4

எனக்கு அப்போது 8 வயது, அக்காவுக்கு 10. சித்தப்பா தொலைக்காட்சி நிலையத்தில் ஒளியமைப்புப் பிரிவில் வேலை பார்த்துவந்தார். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், வாயைத் திறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு எங்களை அழைத்துப்போனார். ஆட்டோகிராப் வாங்குவதற்காக அக்கா ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். நான் அப்பாவின் மைப்பேனாவை அவரைக் கேட்காமலே எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

செய்தி வாசிப்பாளரைப் பார்க்கப் போகிறோம் என்பதைவிட, அவர் என்னைப் பார்க்கப் போகிறார் என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. இரவுதோறும் அவர் எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து "வணக்கம்" என்பார். நானும் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். முடிக்கும்போது "நாளை சந்திப்போம்" என்பார்; சரி என்பேன். அவர் உண்மையிலேயே என்னைத்தான் பார்க்கிறாரா என்று ஒருமுறை சோதித்தும் இருக்கிறேன். அறையின் இடது மூலைக்குப் போய் நின்றேன், அங்கும் பார்த்தார். வலது மூலைக்குப் போனேன், அங்கும் பார்த்தார். தரையில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோதும் அவருடைய கண்கள் என் மீதே இருந்தன. எட்டு வயதுப் பையனுக்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவையும் அவர் அதே நேரத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒளிப்பதிவுக் கூடத்தின் கதவு ஒரு சாண் தடிமன் இருக்கும் என்று நினைவு. உள்ளே நுழைந்ததும் குளிரெடுத்தது. ஆனால் விளக்குகளுக்குக் கீழே போய் நின்றால் முகம் சுட்டது. அந்தக் காலத்து விளக்குகள் ஒளியைவிட வெப்பத்தைத்தான் அதிகம் உமிழ்ந்தன, அதை ஈடுகட்டத்தான் கூடத்தை அவ்வளவு குளிர்வித்து வைத்திருந்தார்கள் என்பதைப் பின்னாளில் சித்தப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். தரை முழுவதும் கம்பிவடங்கள் பாம்புகளைப் போல நெளிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டி அவர் வந்தார், எங்களைக் கடந்து போனார். என்னைப் பார்த்தார், ஆனால் ஒரு தெரியாத பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு நொடியை மட்டும் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அழுகை வரவில்லை, என்னவோ தவறு நேர்ந்திருக்கிறது, சித்தப்பா வேறு யாரையோ அழைத்து வந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. அந்தச் சந்தேகத்துக்கு ஏற்றாற்போல, அவர் நான் அறிந்தவர்போலவும் இல்லை. பெட்டிக்குள் ஆகிருதியாகத் தெரிந்தவர் நேரில் சித்தப்பாவின் தோளுக்குத்தான் இருந்தார். நாற்காலியில் ஒரு மெத்தையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். ஒப்பனையின் மாநிறம் தாடையோடு நின்றுவிட, கழுத்து வேறு நிறத்தில் இருந்தது. அவருடைய கோட்டின் முதுகுப்புறத்தில், துணி காயப்போடும்போது மாட்டுவதுபோன்ற கிளிப்புகள் மூன்று வரிசையாக மாட்டியிருந்தன. முன்னால் கச்சிதமாகத் தெரிவதற்காகப் பின்னால் துணியை இழுத்துப் பிடித்திருந்தார்களாம். எல்லாவற்றையும்விட, இரவுதோறும் வெள்ளைச் சட்டை அணிபவர் அன்று வெளிர் நீலச் சட்டையில் இருந்தார்.

வாசிப்பு முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு அவர் எங்களிடம் வந்தார். அவர் குனிந்து என் பெயரைக் கேட்டார், நான் சொன்னேன், நல்ல பெயர் என்றார். நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது என் பையில் பேனாவின் மூடி மட்டும் இருந்தது. பேருந்தில் விழுந்திருக்கும் என்றேன். அப்பா திட்டவில்லை. மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தம்வரை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

2025 மார்ச் 6

சட்டையின் நிறத்தை மட்டும் என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது என்று அக்காவிடம் இன்று பெருமையாகச் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. கறுப்பு வெள்ளை ஒளிபரப்பின் காலத்தில், தூய வெண்ணிற உடை படக்கருவியில் கண்ணைக் கூசவைக்கும்படி பளீரென்று எரியும்; அதை ஒட்டியிருக்கும் முகம் கறுத்துப்போகும். ஆகவே வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களில் வெளிர் நீலத்தையோ வெளிர் மஞ்சளையோ உடுத்துவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. இது எனக்குத் தெரியவந்தது முப்பது வயதுக்கு மேல்தான். கண்ணால் பார்க்காமல் எட்டு வயதுப் பையன் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு வரும் வழியில் நான்தானே சட்டை நீலம் என்று உன்னிடம் சொன்னேன்?" என்றாள்.

2025 மார்ச் 7

செய்தி வாசிப்பாளரைப் பற்றியே எழுதி, அன்று பார்த்த இன்னொருவரை விட்டுவிட்டேன். குழந்தைகள் நிகழ்ச்சியில் அணில் பொம்மையோடு பேசும் ஓர் அக்கா பக்கத்துக் கூடத்தில் இருந்தார். நாங்கள் போன நேரத்தில் அணில் மேசை மீது வாய் பிளந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. யாரோ உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பதைக் கேட்காமல் பார்த்துவிட்டதுபோல இருந்தது. அவர் அதைக் கையில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திருப்பினார். அணில் கேட்டது, நாங்கள் அணிலுக்குப் பதில் சொன்னோம். ஓரடி தள்ளி அவருடைய வாய் அசைவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தும், நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்த ஒன்றில் மட்டும் அக்காவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் 1969 முதல் பிக் பேர்டு என்ற பெரிய மஞ்சள் பறவையாக வாழ்ந்த கேரல் ஸ்பின்னி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி அதன் தலையை இயக்குவாராம். உடைக்குள்ளிருந்து வெளியே பார்க்க வழியில்லாததால், மார்பில் கட்டிய சிறிய தொலைக்காட்சித் திரையில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நடிப்பார். அந்தப் பறவையைக் கட்டிக்கொண்ட குழந்தைகளிடம், உள்ளே ஒருவர் கை வலிக்க வலிக்க நிற்கிறார் என்று சொல்லியிருந்தாலும் அவர்கள் விட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அணில் எங்களை ஏமாற்றவில்லை. அது நேரிலும் அதே அணில்தான். ஏமாற்றியவர் சொந்த முகத்தோடு வந்தவர்.

2025 மார்ச் 9

ஏமாற்றினார் என்று முந்தாநாள் எழுதியது சரியில்லை. அன்று ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னால் சாய்வாக நிறுத்தியிருந்த கண்ணாடியை நானே பார்த்திருக்கிறேன். அதில் செய்தியின் எழுத்துகள் கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டிருந்தன. எழுத்துகளைப் பிரதிபலிக்கும் அந்தக் கண்ணாடியே பின்னாலுள்ள லென்சுக்கு அவர் முகத்தையும் ஊடுருவ விடும். அதனால் வாசிப்பவரின் பார்வை நேராக நம் கண்ணில் வந்து விழுகிறது. டெலிபிராம்ப்டர் எனப்படும் இந்த வாசிப்புக் கருவி 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பரவியது. ஆக, இடது மூலையிலும் வலது மூலையிலும் தரையிலுமாக என்னை விடாமல் துரத்திய அந்தக் கண்கள், எங்கோ ஒரு கண்ணாடியில் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தன.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த ஒருதலை உறவைப் பற்றியதுதான். திரையில் வருபவர் நம்மோடு நேரில் உரையாடுவதுபோலப் பேசுகிறார், நாமும் உள்ளுக்குள் பதில் சொல்லிப் பழகிவிடுகிறோம், நாளடைவில் அவரை நண்பரைப்போல அறிந்துவிட்டதாகவே உணர்கிறோம் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். நான் உள்ளுக்குள்கூட அல்ல, வாய்விட்டே பதில் சொன்னவன்.

ஆனால் இன்று என்னைத் தொந்தரவு செய்வது வேறோர் ஆய்வு. கேத்ரின் பிரான், ரியானன் எல்லிஸ், எலிசபெத் லாஃப்டஸ் ஆகிய மூவர் 2002-இல் வெளியிட்டது. டிஸ்னிலாந்துக்குச் சிறுவயதில் போனவர்களிடம், அங்கே பக்ஸ் பன்னி முயலோடு கைகுலுக்கலாம் என்று காட்டும் ஒரு போலி விளம்பரத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு கேட்டபோது, நூற்றில் 16 பேர் அந்த முயலைத் தாங்கள் நேரில் சந்தித்ததாகச் சொன்னார்கள். பக்ஸ் பன்னியோ வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் படைப்பு. போட்டி நிறுவனமான டிஸ்னியின் பூங்காவுக்குள் அதற்கு இடமே இல்லை. நடந்திருக்கவே முடியாத ஒரு சந்திப்பு, ஒரு விளம்பரத்தாள் போதும் என்ற அளவில் நினைவாகிவிடுகிறது.

எனக்கு விளம்பரம்கூடத் தேவைப்பட்டிருக்காது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் அக்கா பேசிக்கொண்டே வந்திருக்கிறாள்.

2025 மார்ச் 12

சித்தப்பாவின் மகளிடம் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அன்று கூடத்தில் யாரோ ஒருவர் படம் எடுத்ததாக அக்காவும் சொல்கிறாள், நானும் சொல்கிறேன். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆட்டோகிராப் நோட்டு அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். "அன்புடன்" என்ற ஒரு சொல்லும் கீழே கையெழுத்தும் மட்டுமே. அன்பு யாருக்கு என்று எழுதவில்லை. மையின் நிறம் மட்டும் அப்பாவுடைய பேனாவின் மைதான். அந்தக் கருநீலத்தில்தான் என் மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

2025 மார்ச் 16

படம் வந்துவிட்டது. கைபேசியில் திறந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். ஆகவே சட்டை வெள்ளையாகத்தான் தெரிகிறது. அந்த வழக்கு அப்படியே நிற்கட்டும். செய்தி வாசிப்பாளர் குனிந்திருக்கிறார். அவர் முகம் அக்காவின் பக்கம் திரும்பியிருக்கிறது. அக்கா இரண்டு கைகளாலும் நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, பாதி திறந்த வாயோடு, எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அவளுடைய பெயராகத்தான் இருக்க வேண்டும். என்னைப் படத்தின் வலது விளிம்பு பாதியாக வெட்டிவிட்டது: ஒரு காது, ஒரு கண், இறுக மூடிய உதடுகளில் பாதி. சித்தப்பாவின் முதல் நிபந்தனையை நான் எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றியிருக்கிறேன்.

அக்காவை அழைத்து, நீ சொன்னதுதான் சரி என்றேன். அவள் வெற்றி பெற்றவள்போலப் பேசவில்லை. "அந்தக் கண்ணைப் பாரேன், அவரை முறைத்துக்கொண்டு நிற்கிறாய்" என்றாள். உண்மைதான். என்னைத் தெரியாததுபோல நடந்து போனவரை நான் இன்னும் மன்னித்திருக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தபோதுதான், விளிம்போரத்தில் என் கை இருப்பதைக் கவனித்தேன். நெஞ்சுக்கு நேராக, இரண்டு விரல்களுக்கு நடுவில், பேனாவின் மூடியைப் பிடித்திருக்கிறேன். பேனா அவர் கையில் இருக்கிறது.