சனிக்கிழமை ராத்திரி, அரை பிளேட்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது என் மகனுக்கு ஐந்து வயது. சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவனே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்துவிடுகிறான். எங்கே போகிறோம் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, ஊரிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு இருந்தார். முதல் சனிக்கிழமை, "பாஸ்ட் புட் கடைக்குப் போறோம், வாங்க அத்தை" என்று கூப்பிட்டேன். "காசு குடுத்து வயித்தக் கெடுத்துக்கறதுக்குப் பேரு விருந்தா கண்ணு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டது எனக்கு இறங்கவும் இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

பாஸ்ட் புட் என்றதும் சிலருக்கு பர்கரும் பீட்சாவும் நினைவுக்கு வரலாம். திருப்பூரில் அந்தப் பெயர் தள்ளுவண்டிக்குத்தான். பொழுது சாய்ந்தால் ரோட்டோரம் வந்து நிற்கும் வண்டி. காஸ் அடுப்பு உஸ்ஸென்று இரைகிற சத்தம், அதன் மேல் வாணல், முன்கூட்டியே வேகவைத்து ஆறவிட்ட சோறு ஒரு பெரிய பாத்திரம் நிறைய, பொடிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், மிளகுத்தூள், சாஸ் பாட்டில்கள். ப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன். பக்கத்து வண்டியில் காளான். எங்கள் கொங்குப் பக்கத்துக் காளான் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பேருக்குத்தான் காளான், முக்கால்வாசி முட்டைக்கோஸ். மாவில் உருட்டிப் பொரித்து, கல்லில் குழம்போடு கொத்தி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுப்பார்கள். கை துடைக்க டிஷ்யூ கிடையாது. பனியன் வேஸ்ட் துணி ஒரு பையில் தொங்கும்.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். அம்மா செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. ஒன்றரை ஷிப்ட் என்று சொல்வார்கள். திருப்பூரில் பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். 2010 வாக்கில் அப்பாவுக்கு வாரம் 1,400 சொச்சம். அம்மாவுக்கு அதைவிடக் குறைவு. சம்பளக் கவரோடு இரண்டு பேரும் நேராக வண்டிக்கு வந்துவிடுவார்கள். நானும் தம்பியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியோடு போய் அங்கே காத்திருப்போம். முட்டை ப்ரைடு ரைஸ் 30 ரூபாய். நாலு பேருக்கு இரண்டு பிளேட், பிறகு ஒரு அரை பிளேட் சில்லி சிக்கன். அந்த அரை பிளேட் நடுவில் இருக்கும். கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டோம். அம்மா அதை இரண்டாகப் பிய்த்து எனக்கும் தம்பிக்கும் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுத்தால் என்ன நடக்கும் என்றும் சொல்ல வேண்டும். அம்மா விடியற்காலையில் எழுந்து வாரம் முழுக்கச் சேர்ந்த துணியைத் துவைத்து, மசாலா அரைத்து, ஆக்கி, எங்களுக்குப் போட்டு முடிக்கும்போது மணி இரண்டாகும். கடைசியாகச் சட்டியோடு உட்கார்ந்து அவர் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது விருந்துதான். அவருக்கு ஏழாவது நாள் ஷிப்ட்.

வண்டியில் மட்டும் அம்மா ஸ்டூலில் உட்காருவார். வாணலிலிருந்து இறங்கிய சூட்டோடு அவர் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். இன்னொன்று, மாஸ்டர் அவரிடம் கேட்பார்: "இன்னும் என்னங்க்கா வேணும்? மிளகு போதுங்களா?" வாரம் முழுக்க எத்தனை பீஸ் ஆச்சு, ஏன் ஆல்டர் (குறை சரிசெய்யத் திரும்பி வரும் பீஸ்) வந்துச்சு என்று மட்டுமே கேட்கப்பட்ட ஒருவரிடம் ஒரு ஆள் நின்று உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். விருந்து என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அந்தக் கேள்விதான். வாழை இலையில் பதினாறு வகை வைத்திருந்தாலும் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அது வெறும் சாப்பாடு.

2011 ஜனவரிக் கடைசியில் அந்தச் சனிக்கிழமைகள் நின்றன. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் போவதை நிறுத்தவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணிக்குச் சாயம் ஏற்ற வெளியூருக்கு அனுப்ப வேண்டிய நிலை. கம்பெனியில் பீஸ் வரத்து குறைந்தது. வாரத்தில் மூன்று நாள் வேலை, சில வாரம் அதுவும் இல்லை. நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் அடுப்பு எரிந்த ஒரே காலம் அதுதான். தக்காளி ரசம் வாசம் வந்தாலே தம்பி முகம் சுருங்கும். வாடகை தருவது எப்படி என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டில் ப்ரைடு ரைஸைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நினைத்துக்கொண்டேதான் இருந்தோம்.

பல மாதம் கழித்து வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு சனிக்கிழமை அப்பா ஒரே ஒரு பார்சலோடு வந்தார். அடியில் வாழை இலை, மேலே செய்தித்தாள், பனியன் நூலால் கட்டியிருந்தது. நாலு பேர், ஒரு பார்சல். அப்பா எனக்குப் பசி இல்லை என்றார். அம்மா கேட்கவில்லை. தட்டில் பிரித்து நாலு பங்கு வைத்து, அப்பாவின் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இதை விருந்து இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

சரி, அத்தைக்கு வருகிறேன். அவர் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். திருப்பூர் விட்ட சாயத் தண்ணீரெல்லாம் நொய்யலில் போய்த் தேங்கியது அந்த அணையில்தான். எங்கள் சனிக்கிழமையை நிறுத்திய வழக்கு அவர்களைப் போன்ற நொய்யல் விவசாயிகள் போராடிப் போட்ட வழக்கு. கல்யாணத்துக்குப் பிறகுதான் இது எனக்கு முழுசாக உறைத்தது. அந்த முதல் சனிக்கிழமை ராத்திரி நாங்கள் வண்டியிலிருந்து திரும்பி வந்த பிறகு அத்தை பாத்திரம் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "கெணத்துல தண்ணி கலராப் பொங்குனதப் பாத்தவ நானு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். கலர் போட்ட சோத்தப் பாத்தா எனக்கு அந்தக் கெணறுதான் ஞாபகம் வருது சாமி."

அவர் வயிற்றைக் கெடுப்பது என்று சொன்னது வெறும் பழங்காலத்துப் பேச்சு இல்லை என்று அப்போது புரிந்தது. அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் போடக் கூடாது என்றார்கள். ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம். சாய ஊரில் பிறந்த எனக்கு அந்தச் செய்தி ஒரு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சிவப்பாக மின்னும் சில்லி சிக்கனை நாங்கள் வாங்குவதில்லை. எண்ணெய் கருத்துப்போய் நுரை கட்டி நிற்கும் வண்டிக்கும் போவதில்லை. அதே போல, புதன்கிழமை அலுப்பில் ஆன்லைனில் வரவழைத்து டிவி முன்னால் ஆளுக்கொரு மூலையில் தின்பதையும் நான் விருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எனக்கு முடியவில்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

நடுவில் ஒரு தடவை, மகன் பிறந்தநாளுக்கு, அப்பா அம்மாவை ஒரு பெரிய கம்பெனியின் ஏசி கடைக்குக் கூட்டிப்போனோம். மகனுக்கு ஒரே கொண்டாட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அது விருந்துதான். ஆனால் அப்பா கல்லாவுக்கு மேலே எரிந்த ஆங்கிலப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் காசு, பிறகு நம்பர், பிறகு நாமே போய்த் தட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை, 1,600 ரூபாய்க்கு மேல் ஆனது. வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "ஒருத்தருமே வந்து ஒண்ணும் கேக்கலியே கண்ணு?" அங்கே இருந்த பிள்ளைகள் பாவம், அவர்களும் ஷிப்டில் நிற்பவர்கள்தான். கேட்க அவர்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளும் சனிக்கிழமை. நான் சாயங்காலமே வண்டிக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன்: கலர் வேண்டாம், அஜினோமோட்டோ வேண்டாம், புது எண்ணெய் ஊற்றியதும் முதல் பிளேட் எங்களுக்கு. அவர் ஏன் என்று கேட்கவில்லை. "வயசானவங்க வர்றாங்களா? ஏழு மணிக்கே வந்துருங்க்கா" என்றார்.

அம்மாவும் வந்தார். அவர் இன்னும் செக்கிங் போகிறார், இப்போது ஒரு ஷிப்ட் மட்டும். இரண்டு சம்பந்திகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாயத் தண்ணீரைப் பார்த்தவர் ஒரு பக்கம், சாயம் ஏறிய துணியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கண் மங்கியவர் இன்னொரு பக்கம். மகன் நடுவில். முட்டை ப்ரைடு ரைஸ் வந்தது, வெள்ளையாக, மிளகு மட்டும் தெரிந்தது. அத்தை முதலில் ஒரு பருக்கையை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் ஒரு வாய். அப்புறம் பேசாமல் சாப்பிட்டார்.

மாஸ்டர் வாணலை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். "இன்னும் என்னங்கம்மா வேணும்?"

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். "வெங்காயம் கொஞ்சம் பொடுசா அரிஞ்சு குடுப்பியா தம்பி?" என்றார்.

அம்மா சம்பளக் கவரைப் பிரித்து, என்னைப் பார்க்காமலேயே, காசை எண்ண ஆரம்பித்தார்.