மலை இறங்கும்போது தலை எந்தப் பக்கம்?

தலையில் அடிபட்டவரைக் குன்னூரிலிருந்து பர்லியார் வழியாகக் கோவைக்கு இறக்கும்போது, ஆம்புலன்ஸில் அவர் தலை பெரும்பாலும் டிரைவர் பக்கம் இருக்கும். வண்டி சரிவில் இறங்க இறங்க தலையும் தாழும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் அடித்தால் இன்னும் மோசம். மண்டைக்குள் அழுத்தம் ஏறாமலிருக்க வார்டில் 30 டிகிரி உயர்த்தி வைத்த தலைமாடு சாலையில் 30 டிகிரியாக இருக்காது. கிளம்பும் முன்பே கொஞ்சம் கூட்டி வையுங்கள். முதுகெலும்பில் அடி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இடுப்பை மடக்காமல், பலகையை அப்படியே தலைப்பக்கம் உயர்த்த வேண்டும். ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிஸ்டாலிக் (மேல் அளவு) 110க்குக் கீழே போனால் மூளைக்கு ரத்தம் போதாது.

அடுத்தது கழுத்து. தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, கழுத்துக் காலர் இறுகினாலோ, மூச்சு டியூபைக் கட்டிய நாடா கழுத்தை நெரித்தாலோ, தலையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஜுகுலர் ரத்தக்குழாய் அமுங்கும். தலைக்குப் போன ரத்தம் திரும்பி வராது. மருந்தைத் தேடும் முன் விரலை விட்டுப் பாருங்கள், காலருக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும்.

சக்‌ஷன் (குழாயால் சளி உறிஞ்சுவது) நேரம் பார்த்து அல்ல, சளி இருந்தால் மட்டும். அதற்கு முன் 100 சதவீத ஆக்ஸிஜன், ஒரு தடவைக்கு 10 விநாடி, இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மூக்கிலிருந்து தெளிந்த நீர் வந்தால் அது மூளைநீராக இருக்கலாம், மூக்கு வழியாக எந்தக் குழாயும் போகக் கூடாது. வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் வாய் வழியாகத்தான்.

ஊட்டிக் குளிரில் தனித் தொல்லை ஒன்று உண்டு: மூளை வீக்கத்தைக் குறைக்க ஏற்றும் 20 சதவீத மானிட்டால் பாட்டிலில் கல்கண்டு மாதிரி படிந்துவிடும். வெந்நீரில் வைத்துக் குலுக்கிக் கரைத்து, உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டு, ஃபில்டர் உள்ள செட்டில் ஏற்றுங்கள். துளி படிகம் மிஞ்சினாலும் அந்தப் பாட்டில் வேண்டாம். டாக்டர் கிலோவுக்கு 0.5 கிராம் எழுதினால், 60 கிலோ ஆளுக்கு 30 கிராம். அதாவது 150 மி.லி., 20 நிமிடத்தில். யூரின் கதீட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், சிறுநீர் கொட்டும், பிரஷர் இறங்கும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மூளை வீக்கத்தைக் கூட்டும். நார்மல் சலைன் போதும்.

நினைவு நிலையை அளக்கும் ஜிசிஎஸ்ஸை மொத்தமாக எழுதாமல் கண், பேச்சு, அசைவு என்று பிரித்து எழுதுங்கள். 2 புள்ளி குறைந்தாலோ, ஒரு பக்கக் கண்மணி விரிந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பிரஷர் ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறாகும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.