ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பாருங்கள்

காங்கயத்து மாமா போன மாதம் போன் செய்தார். "கண்ணு, கோயமுத்தூர்ல ஒரு பென்ஸ் வண்டி சொல்றாங்க. ஜிஎல்எஸ் 350டி, 2017 மாடல். 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குதாம். 34 லட்சம் கேக்கறாங்க. நீ ஒருக்கா வந்து பாத்துச் சொல்லு."

மாமாவுக்கு இந்த எண்ணம் வந்ததே அம்மிச்சியால்தான். வயது எண்பத்திரண்டு, முட்டி மடங்காது. தாழ்ந்த காரில் குனிந்து ஏறி இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. அம்மிச்சியையும் வைத்துக்கொண்டு ஏழு பேர் பழனிக்குப் போய் வர வேண்டும் என்பது மாமாவின் கணக்கு.

நான் திருச்செங்கோட்டில், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்குக் கம்ப்ரசர் வேலை பார்க்கிறவன். சொகுசுக் கார் என் தொழில் இல்லை. ஆனால் இந்த வண்டி நிற்பது காற்றின் மேல். ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு மூலையிலும் பெல்லோ என்கிற ரப்பர் காற்றுப்பை, அதற்குக் காற்று அடைக்க ஒரு சின்ன கம்ப்ரசர். காற்று எங்கே கசியும், கசிந்தால் கம்ப்ரசர் என்ன பாடுபடும் என்பதெல்லாம் எனக்கு இருபது வருடப் பழக்கம்.

2016-ல் இந்த மாடல் வந்தபோது ஷோரூம் விலையே 80 லட்சம். இப்போது அதில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரிபாகமெல்லாம் இன்னும் 80 லட்ச ரூபாய் வண்டிக்கு உண்டான விலையில்தான் விற்கிறது. மாமாவிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

புரோக்கரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டோம். சாயங்காலமே சமதளத்தில் நிறுத்திவிட வேண்டும், நாங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மறுநாள் காலை ஆறரைக்குப் போய் முதலில் பானெட் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது, நல்லது. அப்புறம் டேப்பை எடுத்து, நாலு சக்கரத்துக்கும் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். முன்னால் இரண்டும் சமம். பின்னால் இடது பக்கம் மட்டும் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

"ராத்திரி குளிருக்கு எல்லா வண்டியும் இறங்கும்ங்கண்ணா" என்றார் புரோக்கர். நாலு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் இறங்கியிருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அது கசிவு. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே குத்தவைத்துக் காது கொடுத்தேன். கம்ப்ரசர் விடாமல் ஓடியது. போகப் போகச் சத்தம் கனத்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது போல ஆனது. ரிங் தேய்ந்த கம்ப்ரசர் எங்கள் பட்டறையில் போடுகிற அதே சத்தம். பெல்லோவில் ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தாலும், அதை ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரசர் தீர்ந்துபோகும். பின்பக்கப் பெல்லோவைத் தனியாக மாற்றலாம். முன்பக்கம் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்தே வருவதால் செலவு இன்னும் பெரிது.

டார்ச் அடித்து எஞ்சினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் இடத்தைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு. இது 3 லிட்டர் வி6 டீசல் எஞ்சின். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுப்பள்ளத்தில் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் இருக்கும் ரப்பர் சீல் சூட்டில் இறுகிப்போனால் எண்ணெய் பள்ளத்தில் தேங்கிப் பின்வழியாக வழியும். இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் வியாதிதான். சீல் விலை சொற்பம், ஆனால் அதை எட்டுவதற்கு மேலே இருக்கும் டர்போ, இன்டேக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கூலிதான் கொல்லும்.

இரண்டு டயரில் 2317 என்று இருந்தது. 2017-ன் 23-ஆவது வாரம் செய்தது, வண்டியோடு வந்த டயர். சென்னைப் பதிவு என்பதால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மாட்டிய வண்டியாக இருந்தால், எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிச்சுருளில் சேற்றுக்கோடு தங்கிவிடும். அப்படி எதுவும் இல்லை. இன்சூரன்ஸில் மட்டும், க்ளெய்ம் கேட்காமல் இருந்தால் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்ஜியம். ஏன் என்று கேட்டோம், பதில் வரவில்லை.

அங்கேயே திட்டில் உட்கார்ந்து மாமாவும் நானும் கணக்குப் போட்டோம். பெல்லோ, கம்ப்ரசர், சீல் வேலை, நாலு டயர், கியர்பாக்ஸ் ஆயில். ஐந்து லட்சத்தைத் தொட்டது. "அஞ்சு கொறச்சா எடுத்துக்கறோமுங்க" என்று மாமா கேட்டுப் பார்த்தார். ஒன்றுக்கு மேல் குறைக்க மாட்டேன் என்றார்கள். மாமாவின் முகம் வாடிவிட்டது. திரும்பி வரும்போது அவிநாசி தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் வண்டி வந்தது. அதே மாடல், 2018, ஒரே ஓனர். 94,000 ஓடியிருந்தது, விலையும் ஒன்றரை லட்சம் கூடுதல். கிலோமீட்டரைக் கேட்டதும் மாமா வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். அந்த ஐயா ஒரு தடிமனான ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். எல்லா சர்வீஸ் பில்லும் தேதி வரிசையில். 60,000-ல் கியர்பாக்ஸ் ஆயில், 81,000-ல் ஆயில் கூலர் சீல், போன வருடம் நாலு டயர், பின்பக்கப் பெல்லோ இரண்டும். கடன் முடிந்ததற்கு பேங்க் கொடுத்த படிவம் 35-ம் அதற்குள்ளேயே இருந்தது.

ஷெட்டில் நின்றே ரப்பர் காய்ந்த 58,000-ஐ விட, ஓடிக்கொண்டே பார்த்துப் பார்த்துச் செலவு செய்த 94,000 எனக்கு எத்தனையோ மேல். இங்கேயும் ராத்திரி நிறுத்தச் சொல்லிக் காலையில் அளந்தேன். நாலு மூலையும் சமம். கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அன்றைக்கே மாமா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில்தான் இப்போது சிரமம். வண்டி அகலம் 1.93 மீட்டர், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. போன ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் அரிவாளோடு இறங்கி, சாலை முக்கிலிருந்து வீட்டு வாசல் வரை கிளைகளைக் கழித்துவிட்டோம். சாயங்காலம் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மிச்சி மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்து, குனியாமல் ஏறி உட்கார்ந்தார்.