மாஞ்சா போட்ட கை

சின்ன வயதில் காத்தாடி நூலுக்கு நான் போடும் மாஞ்சாவுக்கு எங்கள் வியாசர்பாடித் தெருவில் தனி மரியாதை. ஃப்யூஸ் போன டியூப் லைட்டை உடைத்து, இடித்து, அம்மாவின் பழைய புடவைத் துணியில் சலித்து, வஜ்ஜிரப் பசையும் கலரும் சேர்த்துக் காய்ச்சி, இரண்டு லைட் கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலில் நடந்து நடந்து தடவுவோம். விரல் கிழியாமல் போட்டதே இல்லை. அடுத்த தெருக்காரனோடு டீல் விட்டு, அதாவது நூலோடு நூல் உரசிப் போட்டி போட்டு, அவன் காத்தாடியை அறுத்துவிட்டால் அன்றைக்குச் சோறுகூட வேண்டாம்.

தடை போட்டு இதை நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று கூட்டாளி ஒருவன் டீக்கடையில் இன்னும் புலம்புகிறான். "ஹெல்மெட் போடு, பெல்ட் போடு, காத்தாடி விடாத. இன்னும் என்னதான்டா மச்சான் மிச்சம்?"

ஹெல்மெட்டுக்கு நானும் அப்படிப் பேசினவன்தான். 2015 ஜூலையில் ஐகோர்ட் கறாராகச் சொன்னபோது என் தலை, என் இஷ்டம் என்றேன். 2022 அக்டோபரில் 100 ரூபாய் அபராதம் 1,000 ஆனதும் வாய் தானாக அடங்கியது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டினால் மீதியும் அடங்கிவிடும். ஆனாலும் அது என் தலை. வாதாட ஏதோ இடம் இருக்கிறது.

மாஞ்சாவில் அந்த இடம் கிடையாது. காத்தாடி அறுந்து போனபிறகு நூல் எங்கே தொங்குகிறது என்று விட்டவனுக்கே தெரியாது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டைப் பக்கம் பாலத்தில், அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தில் போய்ச் சுற்றியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் விரலில் இருக்கும் பழைய தழும்பைப் பார்க்கவே கூசியது. நாங்கள் விட்ட நூலெல்லாம் எங்கே போய் விழுந்ததோ, அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்?

நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. இங்கே கண்ணாடித் தூள் போட்ட பருத்தி நூலுக்கும் அனுமதி இல்லை. சரி, நியாயம்தான். என் கடுப்பெல்லாம் வேறு. எங்கள் பக்கம் கடைக்காரர் வெறும் பேப்பர் காத்தாடியைக்கூட வைப்பதில்லை, "எதுக்குப்பா வம்பு" என்கிறார். மொட்டை மாடியில் பையன்கள் நூலோடு நின்றாலே கீழே இருந்து அதட்டல் வருகிறது. கழுத்தை அறுப்பது கண்ணாடித் தூள், அதைப் பிடித்தால் போதும், வானத்தையே பூட்ட வேண்டாமே!

போன மாதம் நானே பேப்பர் ஒட்டி, ஈர்க்குச்சி வளைத்து, தையல் நூலில் மகனுக்கு ஒன்று விட்டுக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஏறியது. பத்து நிமிடம் பிடித்திருந்தான், "டீல் விட முடியாதாப்பா?" என்று கேட்டான். முடியாது என்றேன். நூலை என் கையில் கொடுத்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.