நான்கு சீர், மூன்று சீர்

மத்திய பட்ஜெட் நாளில் காலை 11 மணிக்கு நிதியமைச்சர் எழுந்து நிற்கும் முன்பே, தமிழ்ப் பத்திரிகை டெஸ்க்கில் இரண்டு புத்தகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: திருக்குறள், புறநானூறு. வருமான வரி வரம்பைக் கவனிக்க வேறு ஆள் உண்டு. மெய்ப்புப் பார்ப்பவரின் கவலை, உரையில் மேற்கோளாக எந்தப் பாட்டு வரும், எந்தக் கோலத்தில் வரும் என்பதுதான். 2019 ஜூலையில் சங்கப் புலவர் பிசிராந்தையார் வந்தார் (புறநானூறு 184). 2020இல் ‘பிணியின்மை செல்வம்’ (குறள் 738), 2021இல் ‘இயற்றலும் ஈட்டலும்’ (385), 2025இல் ‘வானோக்கி வாழும்’ (542).

முதல் சோதனை எண். குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு, மிஞ்சியதோடு ஒன்று கூட்டினால் அதிகாரம் கிடைக்கும். 738 என்றால் 74ஆம் அதிகாரம், ‘நாடு’. அதில் எட்டாம் குறள். எண் பூஜ்யத்தில் முடிந்தால் மட்டும் ஒன்று கூட்டக் கூடாது: 280 என்பது 28ஆம் அதிகாரத்தின் பத்தாம் குறள். நிருபர் கல்வியைப் பற்றிய குறள் என்று எழுதி, எண்ணை 931 என்று போட்டிருந்தால் புத்தகத்தைத் திறக்காமலே தவறு தெரிந்துவிடும். 94ஆம் அதிகாரம் சூது. கல்வி 40ஆவது, இலக்கம் இடம் மாறிய 391தான் அது.

அடுத்தது சீர், அதாவது செய்யுளடியை அளக்கும் துண்டு. முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. இங்கேதான் அதிக விபத்து. 385 முடிவதை அச்சில் ‘வல்ல தரசு’ என்று பார்த்ததும், பிழை என்று நினைத்து ‘வல்லது அரசு’ என்று திருத்தும் கைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. பொருள் கெடாது, ஆனால் தளை, அதாவது சீரோடு சீர் இணையும் ஒழுங்கு, தட்டும். ‘வல்லது’ கூவிளம் என்ற வகைச் சீர். விளத்தை அடுத்து நேரசை (ஒற்று நீங்கலாக ஓரெழுத்து) வர வேண்டும். ‘அரசு’ நிரையில் (குறிலோடு இன்னோர் எழுத்து சேர்ந்த அசையில்) தொடங்குகிறது. ‘வல்ல’ என்பது தேமா என்ற வகை. மாவை அடுத்து நிரை, அதாவது ‘தரசு’, சரியாகப் பொருந்தும்.

ஆனால் இதையே மேடைக்கு எழுதிக் கொடுக்கும்போது விதி தலைகீழ். சீர் பிரித்த வடிவத்தைத் திரையில் ஓடவிட்டால், பேசுகிறவர் ‘வல்ல’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி, ‘தரசு’ என்பார். 738இன் ‘நாட்டிற்கிவ் வைந்து’ என்பதில் ‘வைந்து’ தனியாக வந்து விழும். ஆகவே பேச்சுப் படிக்குச் சொல் பிரித்து, ‘நாட்டிற்கு இவ் ஐந்து’. செய்யுளாக அச்சிடும்போது சீர் பிரித்து. இரண்டையும் ஒரே குறளில் கலப்பதுதான் குற்றம். கணினியில் தேடுகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: சீர் பிரித்த கோப்பில் ‘அரசு’ என்று தேடினால் 385 சிக்காது. முதற்சீரைக் கொண்டு தேடுவதே பழைய, பத்திரமான வழி.

‘கற்க கசடற’ (391) தனி வழக்கு. ‘கற்க’ இங்கே வியங்கோள், கற்கட்டும் என்று ஏவும் வினை. அதன்பின் வல்லினம் மிகாது. ‘கற்கக் கசடற’ என்று ஒற்றுப் போட்டால், கற்பதற்காக என்பது போல ஆகிவிடும். கல்வி நிலையங்களின் வரவேற்பு வளைவுகளில் இந்த ‘க்’ கம்பீரமாக நிற்பதைப் பார்க்கலாம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் வேலை, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் போலிக் குறள். இரண்டு வரி, எதுகை, பொருத்தமான கருத்து எல்லாம் இருக்கும், எண்கூடப் போட்டிருக்கும். கடைசிச் சீரைப் பாருங்கள். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில், அதாவது ஓசை அளவுக்கான மாதிரிச் சொற்களில், ஒன்றாகத்தான் அது முடியும். 91 ‘சொல்’ என்று முடிகிறது, அது நாள். 391இன் ‘தக’ மலர். 738இன் ‘வைந்து’ காசு. 385இன் ‘தரசு’ பிறப்பு. வந்த குறள் ‘உயர்வடையும்’ என்று முடிந்தால் மூன்று அசை. அந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடலாம். சோதனையில் தேறிவிட்டாலும் நம்பிவிடக் கூடாது. யாப்பு தெரிந்தவர் எவரும் குறள் வெண்பா எழுதலாம், வள்ளுவர் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. குறள்களை முதற்சொல் வரிசையில் அடுக்கிய முதற்குறிப்பு அகராதியில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். வெட்டு அப்படியல்ல. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் வைத்து ஒரு பாட்டைத் தன் கட்சியில் சேர்த்துவிடலாம். ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்பதைச் சங்கப் பாடல் என்று சொல்லாத மேடை அரிது. அது சங்க காலத்துக்குப் பின் வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம், குடிநிலைத் துறை. முழு அடி ‘காலத்தே வாளொடு / முன்தோன்றி மூத்த குடி’. ஒரு மறக்குடியின் பெருமை பேசும் வெண்பா. மேடைக்கு வருவதற்குள் வாள் காணாமல் போய், குடி இருந்த இடத்தில் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். நூற்பெயரைத் திருத்தலாம், ஒருவர் பேசிய வாசகத்தை மேற்கோள் குறிக்குள் திருத்தக் கூடாது. ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’ என்ற அரசியல் முழக்கத்துக்கும் இதே சட்டம்தான். திருமூலர் பாடியது ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’. ‘உம்’ விகுதியைச் செருகி முழக்கத்தைத் திருமந்திரமாக்குவது டெஸ்க்கின் வேலை அல்ல.

பட்ஜெட் மேற்கோள்களின் வெட்டு இன்னும் நயமானது. 542 செங்கோன்மை, மழையை நோக்கி உலகம், மன்னவன் கோலை நோக்கிக் குடி. பத்தே குறள் தள்ளி 552, கொடுங்கோன்மை: ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் / கோலொடு நின்றான் இரவு’. கோலோடு நிற்பவன் பொருள் கேட்பது, வழிப்பறிக்காரன் வேலை நீட்டி ‘போடு’ என்பது போல. வரி பற்றிய இவ்வளவு கச்சிதமான குறளுக்குப் பட்ஜெட் உரையில் இடம் கிடைப்பது கஷ்டம். பிசிராந்தையாரிலும், நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மா (பழைய நில அளவு) அளவுக்கும் குறைந்த வயல்கூட யானைக்குப் பல நாள் வரும் என்ற பகுதி மேடைக்கு ஏற்றது. ‘வரிசை அறியாக் கல்லென் சுற்றமொடு’ என்று, தரம் தெரியாமல் கூச்சலிடும் பரிவாரத்தைப் பற்றிப் பாண்டியன் அறிவுடைநம்பியிடமே அவர் சொன்னது, பரிவாரம் சூழ நிற்கும்போது வாசிக்கச் சங்கடமானது.

நடுவே வள்ளுவரின் உடை நிறம் வேறு. காவியா வெள்ளையா என்று சண்டை கிளம்பும் நாளில் படவிளக்கத்தில் நிறத்தைக் குறிப்பிடாமல் விடுவது உத்தமம். ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ (280) என்றவருக்கு நாம் வரைந்து வைத்திருப்பது நீண்ட தாடி. அதை இரு தரப்பும் கேட்பதில்லை.

அதிகம் வெட்டுப்பட்டது கணியன் பூங்குன்றனார்தான். 2019இல் ஐ.நா. பொதுச் சபை வரை போய்வந்த ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’, புறம் 192இன் 13 அடிகளில் முதலாவது. நன்றாகப் படித்தவர்கள் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ வரை போவார்கள். பாட்டு முடிவது ‘மாட்சியின் / பெரியோரை வியத்தலும் இலமே / சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று. மாண்புமிகுகளையும் பொன்னாடைகளையும் வரிசைப்படுத்தி 20 நிமிடம் கழித்துத் தொடங்கும் உரையில் இதை எங்கே செருகுவது? பெட்டிச் செய்தியிலாவது முழுப் பாட்டையும் போடலாமே என்று கேட்டால், லே-அவுட்காரர் திரையைத் திருப்பிக் காட்டுவார். பூங்குன்றனாருக்கு ஒதுக்கியிருப்பது இரண்டு வரி. கீழே கால்பக்கம், தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம்.